‘காத்து பிரிஞ்சுதா?’ என்று ஏன் கேட்கிறார்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவை ஒட்டி நடந்த மகளிர் நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைச் சத்துணவைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முருங்கைக்கீரை நல்லது, கேழ்வரகு நல்லது என்று உங்களுக்கு ஏற்கெனவே பலபேர் சொல்லியிருப்பார்கள். அதனால் நான் தலைவியிடம் கேட்டு வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கர்ப்பப்பை ஆபரேஷன், சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, சினைப்பைக் கட்டி என்று நமக்கு வயிற்றில் நடக்கிற ஆபரேஷன்களுக்குப் பிறகு குடலில் வரக்கூடிய தொந்தரவு. பெண்கள் அறுவை வார்டில் 27 வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே தினமும் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி, ‘வலிக்குதா?’ என்பது இல்லை. ‘காத்து பிரிஞ்சுதாம்மா?’ என்பதுதான்.

பாருங்கள், இப்பவே முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். வார்டிலும் அப்படித்தான். பாதிப் பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மகன் பக்கத்தில் நின்றால் ‘ஆச்சு சிஸ்டர்’ என்று பொய்யே சொல்லிவிடுவார்கள். அந்தப் பொய்தான் என்னை இன்றைக்கு இங்கே பேச வைத்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் வயிற்றில் கத்தி படாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுக் கணக்குப்படி இங்கே நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கர்ப்பப்பை எடுத்தவர்கள் தனி. அந்த ஆபரேஷன் தேவையா இல்லையா என்பது பெரிய பேச்சு. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கிற வழக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2023-ல் பேசியிருக்கிறது. அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன். இன்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி மட்டும்.

அடிவயிற்றில் கர்ப்பப்பை தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், மேலே சிறுகுடல் சுருள் சுருளாக வந்து சாய்ந்திருக்கும். இடம் சின்னது. முன்னாடியே சிசேரியன் ஆனவர்களுக்கும் பழைய சீழ், புண் இருந்தவர்களுக்கும் உள்ளே ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். கஞ்சி போட்ட பாவு நூல் ஒட்டிக்கொண்டால் பிரிக்க என்ன பாடு படுகிறோம்! அவசரப்பட்டால் அறுந்துவிடுகிறது. டாக்டருக்கும் அதே நிலைதான். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்குக் குடலில் சின்னக் கீறல் விழலாம். துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியில் ரத்தம் நிற்பதற்காகச் சூடு வைக்கும் கருவி உண்டு. அந்தச் சூடு குடலில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, சமயத்தில் ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து, அந்த இடம் இற்று ஓட்டையாகும்.

பயப்படுத்தச் சொல்லவில்லை. இது அபூர்வம். உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெண்களுக்கான லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்களில் சுமார் 770 பேரில் ஒருவருக்குக் குடல் காயம். கர்ப்பப்பை எடுப்பதை மட்டும் பார்த்தால் சுமார் 250 பேரில் ஒருவர். அதைவிட முக்கியமான கணக்கு அடுத்தது. காயம் பட்டவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு ஆபரேஷன் நடக்கும்போது அது தெரியவில்லை. மேசையிலேயே கண்டுபிடித்துத் தைத்தவர்கள் பிழைத்தார்கள். தாமதமாகத் தெரிந்தவர்களில் சுமார் 30 பேருக்கு ஒருவர் இறந்தார். நூல் அறுந்ததைத் தறியிலேயே பார்த்தால் ஒரு முடிச்சோடு போயிற்று. பத்து முழம் நெய்து சுருட்டின பிறகு பார்த்தால்? அதே கதைதான். காயத்தைவிடத் தாமதம்தான் ஆளைக் கொல்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் குடல் கொஞ்ச நேரம் தூங்கும். மயக்க மருந்து, வலி ஊசி, கை பட்டது எல்லாம் சேர்ந்து அப்படி. பிறகு மெல்ல எழும். வயிற்றில் ‘கடமுட’ சத்தம் வரும், காற்று பிரியும். பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு நாளுக்குள் இது நடந்துவிடும். மலம் போக இன்னும் ஓரிரு நாள் கூட ஆகலாம், அதற்குப் பதற வேண்டாம். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்குத் தோள்பட்டையில் ஒரு குத்தல் இருக்கும். உள்ளே ஊதின வாயுவால் வருவது, ஓரிரு நாளில் குறையும். தையல் இழுக்கும், இருமினால் வலிக்கும். இதெல்லாம் சாதாரணம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நேற்றைவிட இன்று கொஞ்சம் தேவலையா? தேவலை என்றால் சரியான பாதை. நேற்று எழுந்து நடந்தவள் இன்று படுத்தே கிடக்கிறாள், நேற்று கஞ்சி குடித்தவள் இன்று வேண்டாம் என்று தள்ளுகிறாள் என்றால் அங்கேயே நில்லுங்கள். தேறி வந்த பெண் திரும்பச் சரிந்தால் அது சும்மா இல்லை.

வயிறு நாளுக்கு நாள் உப்பி, தொட்டால் பலகை மாதிரி இறுகியிருப்பது. திரும்பத் திரும்ப வாந்தி, அதிலும் பச்சையாகவோ மலநாற்றத்தோடோ வருவது. காற்றும் போகாமல் மலமும் போகாமல் இருப்பது. குளிர் எடுத்து ஜுரம். மூத்திரம் குறைந்து கருத்துப் போவது. மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, முகம் வெளிறிக் கண் உள்ளே போவது. தையலில் இருந்து சீழோ, மஞ்சளாக நாற்றத்தோடு நீரோ கசிவது. இவற்றில் ஒன்று வந்தாலும் போதும், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதில் ஏமாற்றுகிற விஷயங்கள் சில உண்டு, நான் வார்டில் பார்த்தவை. முதலாவது, ஜுரம். டிஸ்சார்ஜ் பண்ணும்போது வலி மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை வேளை தவறாமல் போட்டால் ஜுரமும் அமுங்கும், வலியும் அமுங்கும். ‘உடம்பு சுடலையே’ என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அப்போது நாடியைப் பாருங்கள். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, செல்போனில் ஒரு நிமிஷம் ஓடவிட்டு எண்ணுங்கள். சும்மா படுத்திருக்கிற பெண்ணுக்கு 100-க்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தால், வயிறும் சரியில்லை என்றால், ஜுரம் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான்.

ரெண்டாவது, வயிற்றுப்போக்கு. ‘போய்க்கிட்டுதானே இருக்கு, அப்புறம் என்ன அடைப்பு?’ என்பார்கள். இடுப்புக்குள் சீழ் சேர்ந்தால் அது மலக்குடலை உறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக, சளி மாதிரி, அடிக்கடி போகும். லேப்ராஸ்கோப்பியில் குடல் காயம் பட்ட சிலருக்கும் வாந்தி, பெரிய ஜுரம் எதுவும் இல்லாமல், துளை போட்ட ஏதோ ஒரு இடத்தில் வலி, உப்புசம், போக்கு என்று மட்டும் தொடங்கும். சிசேரியன் ஆனவர்களில் அபூர்வமாகச் சிலருக்குப் பெருங்குடல் பலூன் மாதிரி ஊதும். குழந்தை பிறந்த பிறகும் ஆறு மாச வயிறு மாதிரி திரும்ப எழும்பினால், கொஞ்சம் காற்று பிரிந்தாலும் சரி, காட்டிவிட வேண்டும்.

மூன்றாவதை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை வருகிற வழியாகக் காற்றோ மலமோ வருவது. மலக்குடலுக்கும் அந்த வழிக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால் இப்படி ஆகும். ஒரு தங்கச்சி நாலு மாசம் யாருக்கும் சொல்லாமல் இருந்தாள். குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள், வீட்டில் தனியாகப் பாய் போட்டுப் படுத்தாள். குழுவில் என்ன பேசினார்கள் தெரியுமா? ‘லோன் வாங்கிட்டு ஒளிஞ்சிக்கிட்டா’ என்று. ஆபரேஷன் செய்து மூடிச் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. அவளுக்கும் சரியாகிவிட்டது.

1963-ல் ஔரங்காபாத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது. ஒரு தாய் ஜூலை 10-ம் தேதி அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை பெற்றார். 13-ம் தேதி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதற்குப் பிறகு கடும் ஜுரம், தாங்க முடியாத வலி. கணவர் சும்மா இருக்கவில்லை. 15-ம் தேதி அதே மருத்துவமனையில் வேறு பிரிவில் இருந்த ஒரு அறுவை மருத்துவரை அழைத்து வந்து காட்டினார். அவர் வயிற்றைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொன்னதாக வழக்கில் சொல்லப்பட்டது. உடனே நடக்கவில்லை. 19-ம் தேதி அவரே வந்து திறந்தார். உள்ளே ஒரு துணி இருந்தது, சீழ் கட்டியிருந்தது. 24-ம் தேதி அந்தத் தாய் இறந்துபோனார். குடும்பத்துக்கு 36,000 ரூபாய் இழப்பீடு என்று கீழ்க் கோர்ட் சொன்னதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உறுதி செய்த நாள் 1996 பிப்ரவரி 20. பிறந்த அன்று அழுத அந்தப் பிள்ளைக்கு அப்போது 32 வயது முடிந்திருக்கும்.

இது குடல் கிழிந்த வழக்கு இல்லை, துணி விட்டுப்போன வழக்கு. ஆனால் வெளியே தெரிந்த அடையாளங்களைப் பாருங்கள். சின்ன ஆபரேஷனுக்குப் பொருந்தாத ஜுரம், பொருந்தாத வலி. அதோடு தேதிகளைப் பாருங்கள்: 13, 15, 19, 24. பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளைத்தான் நான் உங்களிடம் கொடுக்க வந்திருக்கிறேன். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். அந்த மாத முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். வீட்டுக்குப் போன பிறகு வாந்தி என்றுதான் அங்கேயும் தொடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்த முகாம் முறையையே மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

நம் ஊரில் தாமதம் எப்படி வருகிறது? வயிறு உப்பினால் முதலில் ஆயா சொல்வது ஓமத்தண்ணி. அடுத்து வெந்நீர் ஒத்தடம். அதற்கும் கேட்காவிட்டால் விளக்கெண்ணெய். ஓமத்தண்ணியில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாந்தியும் உப்புசமும் சேர்ந்து இருக்கிறவளுக்கு விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா கொடுக்கவே கூடாது. அடைபட்ட குடலை முறுக்கி விடுகிற மாதிரி அது. வாந்தி நிற்காதவளுக்குச் சாப்பாடும் வேண்டாம், ‘தெம்புக்கு’ என்று சொல்லி இளநீரும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு. இன்னொன்று, தெரு முனையில் ஊசி போட்டுவிடுகிறவர்கள். ஊசி போட்டால் வலி போய்விடும், நோய் அங்கேயே இருக்கும்.

வரதராஜர் கருட சேவை அன்று கூட்டம், ஆட்டோ வராது, நாளைக்குப் போகலாம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கருட சேவை அன்றும் 108 ஓடும், அம்மா. வழி விடச் சொல்லிப் போலீஸே முன்னால் வருவார்கள்.

எங்கே போவது? ஆபரேஷன் செய்த இடத்துக்கே போவது நல்லது. உள்ளே என்ன செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அது தூரம் என்றாலோ, ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்று போனிலேயே சொன்னாலோ, நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மஞ்சள் பையே போதும்.

அங்கே போய் ‘வயித்து வலி’ என்று மட்டும் சொன்னால் மூட்டம் என்று நினைத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. சொல்ல வேண்டியது இப்படி: ‘இந்தத் தேதியில கர்ப்பப்பை எடுத்தாங்க. இன்னிக்கு ஆறாவது நாள். முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்தா. நேத்திலேருந்து வாந்தி, வயிறு உப்பிக்கிச்சு, காத்து பிரியல, மூத்திரம் கம்மி. குடல்ல ஏதாவது ஆயிருக்குமான்னு பாருங்க.’ கடைசி வரியைச் சொல்லத் தயங்காதீர்கள். டாக்டருக்குச் சொல்லிக் கொடுப்பதாக ஆகாது, நீங்கள் துப்பு கொடுக்கிறீர்கள். ரத்தம் பார்ப்பார்கள், எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். லேப்ராஸ்கோப்பி ஆன வயிற்றில் ஊதின வாயு மிச்சம் இருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே மட்டும் பார்த்து முடிவு சொல்வது கஷ்டம். அறுவை மருத்துவர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

சிலருக்குக் குடல் தானாக எழுந்துவிடும், மூக்கில் குழாய் போட்டுச் சலைன் ஏற்றினால் போதும். சிலருக்குத் திரும்ப ஆபரேஷன். சில சமயம் வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டுவார்கள், மலம் அந்தப் பையில் விழும். பெரும்பாலும் சில மாசத்துக்குத்தான், பிறகு குடலைச் சேர்த்து மூடிவிடுவார்கள். பை என்றதும் ‘அதுக்கு நான் செத்தே போறேன்’ என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போகலாமா, அடுப்படிக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பையைச் சரியாக ஒட்டினால் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. பையோடு காமாட்சியம்மன் தேருக்குப் போய்விட்டு வந்து எனக்குக் குங்குமம் கொடுத்த அம்மா ஒருவர் உண்டு. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஆபரேஷன் ஆனவர்களும் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முந்தின சிசேரியன் தழும்பாக இருந்தாலும், உள்ளே ஒட்டின இடத்தில் குடல் மடங்கி அடைபடலாம். விட்டு விட்டு முறுக்கி வலி, வாந்தி, உப்புசம், காற்று நின்றுபோவது. டாக்டரிடம் பழைய தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள், ‘அது எப்பவோ ஆச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

பணம். அரசு மருத்துவமனையில் செலவில்லை. தனியார் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பட்டியலில் இருக்கிற மருத்துவமனை என்றால். கட்டணமில்லா எண் 1800 425 3993. அட்டை எடுக்காதவர்கள் இந்த மாசமே எடுத்து வையுங்கள், வயிறு உப்பின அன்று கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நிற்க முடியாது. வண்டிக்கும் கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். குழுவின் உள்கடனில் அவசர மருத்துவத்துக்குத் தீர்மானம் இல்லாமல், ஊக்குநரும் பிரதிநிதியும் போனில் பேசியே கொடுக்க, ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு வேலையும் குழுவால் முடியும், அதற்குப் பைசா செலவில்லை. உறுப்பினர் யாருக்காவது வயிற்று ஆபரேஷன் என்றால், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பத்து நாள் தினம் ஒருத்தி போய்ப் பாருங்கள். ஆர்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். மாமியாரும் கணவரும் இல்லாத நேரமாக அஞ்சு நிமிஷம். நேத்திக்கு இன்னிக்கு எப்படி? சாப்பிட்டியா? வாந்தி உண்டா? மூத்திரம் போச்சா? காத்து பிரிஞ்சுதா? நான் கேட்டால் பொய் சொல்வாள், உங்களிடம் சொல்லமாட்டாள் என்று நினைக்கவில்லை. கூட்டத்துக்கு வராதவளுக்கு அபராதம் போடுவதற்கு முன்னாலும் ஒரு தடவை வீட்டுக்குப் போய் வாருங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்று: ‘எப்போது தறியில் உட்காரலாம்?’ வயிற்றைக் கிழித்துச் செய்த கர்ப்பப்பை ஆபரேஷன் என்றால் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்கக் கூடாது. குழியில் கால் வைத்து மிதி அழுத்துவது அடிவயிற்றை இழுக்கும் வேலை. அதற்கும் அதே ஆறு வாரம் தள்ளிப்போட்டு, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு தொடங்குங்கள். தார் சுற்றுவது மாதிரி உட்கார்ந்த வேலையை உடம்பு கேட்கிற அளவுக்கு முன்னாடியே செய்யலாம். கோர்வைச் சேலைக்குத் துணை ஆள் இல்லை, முதலாளி அட்வான்ஸ் கேட்கிறார் என்று சிலர் மூன்றாவது வாரமே இறங்கிவிடுகிறார்கள். தழும்பு வழியாகக் குடல் இறக்கம் வந்தால் அதற்கு இன்னொரு ஆபரேஷன், இன்னொரு ரெண்டு மாசம் தறி நிற்கும்.

இன்னொரு சீட்டு, ‘கோயில் இட்லி சாப்பிடலாமா?’ மிளகும் நெய்யும் போட்டு அவ்வளவு பெரியதாக இருப்பதை முதல் வாரம் யார் சாப்பிடச் சொன்னது? காற்று பிரிந்து, கஞ்சி ஒத்துக்கொண்ட பிறகு, சாதா இட்லியில் ஆரம்பியுங்கள்.

கையில் இன்னும் ரெண்டு சீட்டு இருக்கிறது. அதை மைக்கில் படிக்கமாட்டேன், எழுதினவர்களுக்கே தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், பேசிக்கொள்ளலாம்.